நொந்த குளம்பு: லாயத்து நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, 2024

அந்தியூர் ஆடிச் சந்தையில் கைமாறி வந்திருக்கும் செவலைப் பெட்டை. ஏழு வயது, எடை 350 கிலோ பக்கம். கல்யாண ஊர்வலங்களில் ஆடிப் பழகிய குதிரை. தார்ச்சாலையில் முன்னங்காலை ஓங்கி ஓங்கி மிதித்த வாழ்க்கை. மண் தரையில் ஒழுங்காக நடக்கிறது. ஜல்லியில் ஏறியதும் தலையைத் தாழ்த்தி, இடம் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறது. குதிகால் தரையைத் தொடுவதற்கு முன்பே குளம்பின் நுனி தொடுகிறது. குதிகால் பக்கம் வலிக்கும் குதிரை இப்படித்தான் நடக்கும்.

கணுக்காலுக்குப் பின்புறம், இருபக்கமும் ஓடும் நாடியை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தோம். துடிப்பு மெலிதாகத்தான் இருந்தது, குளம்பிலும் சூடு இல்லை. நாடி தெறித்து, சூடும் இருந்திருந்தால் லாமினைடிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) அல்லது உள்ளே சீழ் என்று உடனே மருத்துவரை அழைத்திருப்போம். ஆனால் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழைகிறது. ஆரோக்கியமான அடித்தட்டு விரலுக்கு அசையாது. குளம்பின் மேல் அரத்தைக் குறுக்காக வைத்து, நடுவிலுள்ள முக்கோண மெத்தையின் கூர்முனை ஓரமாகப் பள்ளத்தில் குச்சியை விட்டு ஆழம் அளந்தோம். 1 செ.மீ. கூட இல்லை; அடித்தட்டு அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது. 2 செ.மீ. பக்கம் இருந்தால் நிம்மதி.

ஆகஸ்ட் 19

லாடத்தைக் கழற்றினோம். குளம்புச் சுவரில் பழைய ஆணி ஓட்டைகளைச் சுற்றி ஓடு பொடிந்து கிடக்கிறது. இந்த நிலையில் மறுபடி ஆணி அடித்தால், அடுத்த முறை லாடம் கழலும்போது சுவரின் ஒரு துண்டையும் பிடுங்கிக்கொண்டு போகும். கழற்றும்போதும் அவசரம் கூடாது. சுவரின் வெளிப்புறம் மடக்கிவிட்ட ஆணி நுனிகளை முதலில் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். லாடத்தைக் குறடால் பிடித்து ஒரே திருகாகத் திருகுவதால்தான் பாதிக் குளம்புகள் கெடுகின்றன.

கத்தி அடித்தட்டைத் தொடவில்லை. ‘சுத்தமாக, வெள்ளையாகத் தெரிய வேண்டும்’ என்று அடித்தட்டைச் சீவுவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். அந்தத் தோல்தான் குதிரையின் செருப்பு. மெலிந்திருக்கும்போது ஒரு மி.மீ. கூடத் தானம் செய்ய முடியாது. நீண்டுபோன நுனியை மட்டும் முன்புறமிருந்து அரத்தால் பின்தள்ளி, சுவரின் விளிம்பை உருட்டிவிட்டோம். கூரான விளிம்பு ஒவ்வொரு அடியிலும் சுவரை வெளிப்பக்கமாக நெம்பி, சுவரும் அடித்தட்டும் சேரும் வெள்ளைக்கோட்டைப் பிளக்கும்.

முன்னங்கால் இரண்டுக்கும் யோகா பாயைக் குளம்பு அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காக வைத்து, வெள்ளி நிற டக்ட் டேப்பால் சுற்றினோம். டேப் ஓட்டோடு நிற்க வேண்டும். மேலே மயிர் தொடங்கும் ரேகையில் ஏறினால் தோல் வெந்து புண்ணாகும். தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுவது அவசியம்.

ஆகஸ்ட் 25

குதிகால்களுக்கு நடுவிலுள்ள பிளவில் தீக்குச்சி இறங்குகிறது. கறுப்புக் கசிவு, அழுகல் நாற்றம். நுனியை ஊன்றி நடந்ததற்குக் காரணம் இதுதான்.

சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டு, பொவிடோன் அயோடினில் நனைத்த மெல்லிய காஸ் துணியைப் பிளவுக்குள் நூல்போல் செருகுகிறோம். தினம் ஒருமுறை மாற்றம். உலராமல் மருந்து வைத்தால் ஈரத்தைத்தான் மூடி வைக்கிறோம். மயில்துத்தத்தைப் பொடியாகவே திணிப்பவர்கள் உண்டு. பிளவின் அடியில் உயிருள்ள சதை இருக்கிறது, வெந்துவிடும். ஃபார்மலினும் அப்படியே.

தரையை மாற்றாமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை. லாயத்தில் சிறுநீர் தேங்கிய மூலையைத் தோண்டிப் பள்ளம் தூர்த்து, சரிவு கொடுத்து, மேலே உலர்ந்த தென்னைநார்க் கழிவை அரை அடிக்குப் போட்டிருக்கிறோம். ஈரமான பகுதியைக் காலை, மாலை அள்ளுகிறோம். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா குளம்பையே அரிக்கும்.

செப்டம்பர் 1

தீவனம். உண்மையான வேலை இங்கேதான்.

இதுவரை தின்றது: தினம் 3 கிலோ கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு, கோ-4 என்ற நேப்பியர் வகைத் தீவனப்புல். வயிறு நிறைகிறது, குளம்புக்கு வேண்டியது சேரவில்லை. ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 11 கிராம் பக்கம், சுண்ணாம்புச் சத்து ஒன்றரை கிராம் கூடத் தேறாது. குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது, முடிந்தால் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். போதாக்குறைக்கு நேப்பியர் வகைப் புல்லில் இருக்கும் ஆக்சலேட், கிடைக்கிற கொஞ்ச நஞ்சச் சுண்ணாம்பையும் குடலிலேயே கட்டிப்போடும். மாடு அசைபோடும் வயிற்றில் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாட்டுக்கு ஒத்துவந்த புல் என்று குதிரைக்குப் போடுவதில் உள்ள சிக்கல் இது.

மாற்றிய முறை: தவிடு தினம் அரை கிலோ, அதில் சுண்ணாம்புச் சத்துக்காக 30 கிராம் கால்சைட் தூள். உலர்ந்த சோளத்தட்டும் கொழுக்கட்டைப் புல்லும் நாள் முழுக்க. அந்தப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு என்பதால் அளவாக. உலர்ந்த குதிரைமசால் ஒன்றரை கிலோ, சுண்ணாம்பும் புரதமும் அதில் நிறைய. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு காலை அரை கிலோ, மாலை அரை கிலோ. ஒரே வேளையில் தானியத்தை அள்ளிக் கொட்டினால் செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து, லாமினைடிஸில் கொண்டுபோய் விடும். இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்து நாளாகப் பிரித்துச் செய்கிறோம்.

கூடவே பயோட்டின் என்ற வைட்டமின் தினம் 15 மி.கி. துத்தநாகமும் தாமிரமும் 4:1 விகிதத்தில் உள்ள, குதிரைக்கென்றே தயாரித்த தாது உப்பு. செலினியம் உள்ள இரண்டு கலவைகளைச் சேர்த்துத் தரக் கூடாது. செலினியம் மிஞ்சினால் குளம்பே கழலும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தொட்டியில் கொட்டாதீர்கள்.

மயிர் ரேகைக்கு 1 செ.மீ. கீழே அரத்தால் சின்னக் கீறல் போட்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுத்தாயிற்று.

அக்டோபர் 3

கீறல் 8 மி.மீ. இறங்கியிருக்கிறது. மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வளர்வதுதான் வழக்கம். மேலே பிறக்கும் ஓடு நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். குதிகாலுக்கு அதில் பாதி. பயோட்டின் கொடுத்து ஒரு மாதத்தில் ‘பலனில்லை’ என்று நிறுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். பழைய ஓடு திருந்தாது. புதிய ஓடுதான் இறங்கி வர வேண்டும்.

வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டின் வெளிப்பக்கத்தில் ரத்த ஓட்டம் இல்லை. மேலே தடவுவது உள்ளே போய் ஊட்டாது. தடவினால் பளபளக்கும்.

நவம்பர் 9

வடகிழக்குப் பருவமழை. காலையில் ஈரம், மதியம் உலர்வு, மாலை மறுபடி ஈரம். ஓடு ஊதிச் சுருங்கி விரிசல் விடுவது இப்போதுதான். மழை நாளில் உலர்ந்த கொட்டகையில் நிறுத்துகிறோம். தினசரிக் குளியலில் கால் கழுவுவதையும் விட்டாயிற்று.

இன்று இடது முன்னங்காலைத் தரையிலேயே வைக்கவில்லை. அந்தக் காலில் மட்டும் நாடி தெறிக்கிறது, ஓடு சுடுகிறது. சீழ். மருத்துவர் இடுக்கியால் சுற்றிலும் அழுத்திப் பார்த்து, வலது ஓரத்தில் குதிரை சுளித்த இடத்தில், வெள்ளைக்கோட்டில் சின்னத் துளை போட்டதும் சாம்பல் நிற நீர் பீறிட்டது. துளை தண்ணீர் வடியும் அளவுக்குப் போதும். அகலமாகத் தோண்டினால் உள்சதை பிதுங்கி ஆற மாதங்கள் ஆகும். எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. மூன்று நாளுக்கு மேல் ஊறவைத்தால் மெல்லிய அடித்தட்டு இன்னும் குழையும். ஊறவைத்ததும் பஞ்சு, அதன் மேல் குழந்தைகளுக்கான டயப்பர், அதன் மேல் டேப். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியா என்பதையும் பார்க்க வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றி உயிரை எடுக்கும்.

ஜனவரி 26, 2025

மேலிருந்து 4 செ.மீ. வரை ஓடு வழுவழுப்பாக, நெருக்கமாக வந்திருக்கிறது. புதிய ஓடும் பழைய ஓடும் சந்திக்கும் இடத்தில் கோணம் மாறுவது பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிறது. புதியது செங்குத்தாக இறங்குகிறது. பள்ளத்தின் ஆழம் 16 மி.மீ. தீக்குச்சி பிளவில் இறங்கவில்லை. குதிகாலை முதலில் ஊன்றுகிறது.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2, 3 மி.மீ. மட்டும் அரம் போடுகிறோம். எட்டு வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாக வெட்டினால் நுனி நெம்பிய சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். நடைப் பயிற்சி மண்பாதையில் தினம் 40 நிமிடம். அதில் கடைசி ஐந்து நிமிடம் பொடி ஜல்லி. தயங்கினால் அன்று ஜல்லி வேண்டாம். பழைய ஆணி ஓட்டைகள் தரையை எட்டித் தேய்ந்து போகும்வரை லாடம் பற்றிய பேச்சே இல்லை. அடுத்த அரம் பிப்ரவரி 23.