பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு ராக் ஆல்பம் கேட்கிறேன்: இதுவரை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவுக்கு பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களைத் தரும் கிட்டார் அது. ராக் கேட்கும் பழக்கம் பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்துவிட்டது. அப்போதெல்லாம் லீட் கிட்டாருக்காகவும் பாடுபவரின் குரலுக்காகவும்தான் கேட்டேன். இந்த வருஷம் இடவப்பாதி மழை தொடங்கியபோது ஒரு முறை வகுத்துக்கொண்டேன். ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்க வேண்டும், காது பாஸை விட்டு நகரக் கூடாது. அப்புறம் கிட்டாரை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கருவி விஷயம். பாஸின் தடித்த தந்தியை விரலால் அழுத்தாமல் அப்படியே அடித்தால் வரும் ஒலி 41 ஹெர்ட்ஸ் சுற்றி இருக்கும். போனின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. அதன் மேல்சுரங்களைக் கேட்டு மூளைதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பேருந்தில் ஹெட்போன் போட்டாலும் பயனில்லை, தக்கலை போய்ச் சேரும்வரை எஞ்சின் உறுமல் அதே தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். அதனால் ராத்திரி, மழை ஓய்ந்த நேரம், வயர் உள்ள ஹெட்போன். இவ்வளவு போதும்.

பிளாக் சப்பாத் குழுவில் தொடங்கினேன். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. கிட்டார் வாசித்த டோனி ஐயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு வாசித்தார். தந்தி தளர்ந்திருந்தால் விரலுக்குச் சுலபம் என்று இந்த ஆல்பத்தின் பல பாட்டுகளில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள். கீசர் பட்லரின் பாஸும் கூடவே இறங்கியது. அந்தக் கனம் இங்கிருந்துதான் வருகிறது. பட்லர் முதலில் கிட்டார் வாசித்தவர், இந்தக் குழுவுக்காக பாஸுக்கு மாறியவர். அதனால்தானோ என்னவோ, ஐயோமியின் ரிஃபோடு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கோடு) ஒட்டிப் போய்க்கொண்டே இருப்பவர் ரிஃப் மூச்சு வாங்கும் இடத்தில் சட்டென்று தனியாகப் பேசிவிடுகிறார். தந்தியை வளைத்துச் சுரத்தை இழுக்கும் அவருடைய பழக்கத்தைப் பிடிக்க எனக்கு விரல் காய்த்துப் போனது. ஹெவி மெட்டல் என்ற இந்தக் கனத்த ராக் வெறும் இரைச்சல் என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு ஆல்பத்தை பாஸ் வழியாகக் கேட்கச் சொல்வேன்.

லெட் செப்பலின் குழுவில் நான் அதிக நாள் தங்கிவிட்டேன். கிட்டார் வாசித்த ஜிம்மி பேஜையும் பாடிய ராபர்ட் பிளாண்டையும் எல்லோரும் சொல்வார்கள். பாஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸை யார் சொல்கிறார்கள்? அவர் 14 வயதிலேயே தன் ஊர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவையும் நடத்தியவர். எங்கள் மாவட்டத்தில் கீபோர்டும் கிட்டாரும் தெரிந்த பையன்களில் பாதிப்பேர் ஆலயத்தில்தான் கற்றுக்கொண்டோம், அதனால் இந்தச் செய்தி எனக்கு நெருக்கமானது. 1969இன் இரண்டாவது ஆல்பத்தில் 'ரேம்பிள் ஆன்' பாட்டைக் கேளுங்கள். சரணத்தில் கிட்டார் அமைதியாக இருக்க, பாஸ்தான் பாடுகிறது. நான்காவது ஆல்பத்தின் 'பிளாக் டாக்' ரிஃபும் அவர் கொண்டுவந்ததுதான். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ஜான் பான்ஹமின் ட்ரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் வைத்து, மாடிப்படியிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்தக் கூடத்தின் முழக்கத்துக்கு நடுவே ஜோன்ஸ் மிகக் குறைவாக வாசிக்கிறார். எனக்கு அதுதான் பெரிய பாடம்.

யெஸ் குழுவில் பாஸ் வாசித்த கிறிஸ் ஸ்குவையரும் சின்ன வயதில் ஆலயப் பாடகர் குழுவில் பாடியவர். 1972இன் 'குளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல் போகும். இதில் பாஸ் கூர்மையாக, முன்னால் வந்து நிற்கிறது. ரசிக்கிறேன், ஆனால் கூட வாசிக்க இன்னும் என் விரலுக்கு வேகம் போதாது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'மணி' பாட்டு அதைவிடச் சுலபம். ஏழு எண்ணிக்கை, நம்முடைய மிஸ்ர சாபு மாதிரி. கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் நாலுக்கு மாறும், அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

என்னைக் கோபப்படுத்திய ஆல்பம் ஒன்று உண்டு. மெட்டாலிக்கா குழு 1988இல் வெளியிட்ட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. 1986இல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் அவர்களுடைய பாஸ் வாசிப்பாளர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் இந்த ஆல்பம் முழுக்க வாசித்திருக்கிறார், பதிந்த ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் அது காதில் விழாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பாட்டுகள் அருமை. கேட்கக் கேட்க அடியில் ஒரு பள்ளம் தெரிகிறது. முந்தைய ஆல்பத்தில் 'ஓரியன்' நடுவே பர்ட்டன் வாசிக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் மனசே ஆறவில்லை.

நம் பக்கத்துக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் உருவான அவியல் குழுவின் 2008 ஆல்பம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்து இசை. மலையாளச் சொற்களோடு அந்த பாஸும் ட்ரம்ஸும் கட்டிப்போகும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தியன் ஓஷன் குழுவின் 'கந்தீசா' ஆல்பம் 2000இல் வந்தது. தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலிலிருந்து எடுத்தது. எங்கள் மாவட்டத்துத் திருவிதாங்கோட்டிலேயே அந்த மரபைச் சேர்ந்த பழைய ஆலயம் இருக்கிறது. ராகுல் ராமின் பாஸ் அந்தப் பாட்டில் அவசரமே படுவதில்லை. ஜெபத்தோடு சேர்ந்து நடக்கிறது.

இதன் பலன் சபையில் தெரிய ஆரம்பித்துவிட்டது. கீபோர்டு அண்ணன் இடது கையால் அடிச்சுரங்களை வாசிப்பார், நானும் அதையே வாசிப்பேன், இரண்டும் மோதிக் குழம்பும். பல வருஷமாக இப்படித்தான் போனது. போன வாரப் பயிற்சியில் கேட்டேன்: "அண்ணா, இடது கையைக் கொஞ்சம் மேல எடுத்து வாசிப்பீங்களா?" "அப்பம் கீழ முழுசும் நீ பாத்துக்கோ மக்கா" என்றார். அன்றைக்கு ஒரு கீர்த்தனையில் சுரங்களைக் குறைத்து, ட்ரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கோடு மட்டும் விழுகிற மாதிரி வாசித்தேன். ஆல்ட்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) பாடும் அக்கா ஒருவர், "இன்னைக்குச் சுருதி பிடிக்க நல்லா வசதியா இருந்துது" என்றார்.

அடுத்தது தி ஹூ குழுவின் 1970 நேரடிப் பதிவு, 'லைவ் அட் லீட்ஸ்'. ஜான் என்ட்விசிலின் பாஸ் ஒரு காதிலும் பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் மறு காதிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாஸ் காதை மட்டும் வைத்துக்கொண்டு படித்துவிட்டு, அப்புறம் அதைக் கழற்றி, கிட்டாரும் ட்ரம்ஸும் ஓட ஓட அந்தக் காலி இடத்தில் நான் வாசித்துப் பார்க்கப் போகிறேன்.