தயிர் இல்லாத நாற்பது நாள்

பிறந்ததிலிருந்து சைவம்தான். ஆனால் பால், தயிர், நெய் இல்லாத ஒரு நாளை நான் யோசித்ததே இல்லை.

மாற்றத்துக்குக் காரணம் ஊரில் பார்த்த ஒரு காளைக்கன்று. கன்று ஈன்றால்தான் பசு பால் தரும். கிடாரி என்றால் வளர்ப்பார்கள். காளை என்றால்? டிராக்டர் வந்தபின் உழவுக்கும் தேவையில்லை. பிறந்த சில நாளிலேயே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தாய்ப்பசு அன்று முழுக்கக் கத்தியது. வளர்த்தவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. தீவனம் விற்கிற விலையில் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் அன்று இரவு தயிர்சாதம் இறங்கவில்லை.

நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், அது எளிது. காபிதான் கஷ்டம். இப்போது சுக்குக் காபிக்கு மாறிவிட்டேன். தயிருக்கு நிலக்கடலை: இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சைமிளகாய்க் காம்பு நாலைந்து போட்டு மூடிவைக்க வேண்டும். முதல் இரண்டு தடவை திரிந்துவிட்டது. மூன்றாவது தடவை உறைந்தது! அதிலேயே ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாளுக்கும் உறை ஊற்றினேன்.

கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் 120தான். ஆனால் வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது. அதற்கு மாத்திரை கட்டாயம். மாற நினைக்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்குத்தான் வருத்தம். "மோர்கூடவாடா வேண்டாம்?" என்று தினமும் கேட்பாங்க. நேற்று ராத்திரி பார்க்கிறேன், அவங்களே கடலையை ஊறப் போட்டிருக்காங்க.