வாப்பா கைலியில ரெண்டு சொட்டு

மே 6, செவ்வாய்

கைலி அலசும்போது உம்மாதான் பார்த்தாக, முன்பக்கம் ரெண்டு சொட்டு ரத்தம். வாப்பாட்ட கேட்டா "வெயில் சூடு"ன்றாக. கீழக்கரை வெயில்ல யாருக்குத்தான் சூடு இல்ல. எட்டு வருஷமா டயாலிசிஸ், நாளைக்கு அரை கிளாஸ் யூரின் வந்தாலே பெருசு, அதுல ரத்தம்னா? யூனிட்ல சொன்னேன். மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் விடுறோம்ல அதான்னாங்க. வலி இருக்கான்னாங்க, இல்லன்னேன், அப்ப பயப்படாதீங்கன்னுட்டாங்க.

மே 10, சனி

ஹெப்பாரினைக் கொறச்சும் திரும்ப வந்துருச்சு. நுங்கு கேட்டாக, ஒண்ணே ஒண்ணு குடுத்து தண்ணிக் கணக்குல சேத்துக்கிட்டேன்.

மே 14, புதன்

மதுரை. யூராலஜி டாக்டர் மொத வார்த்தையே வலியில்லாம வர்ற ரத்தத்தைத்தான் விடக்கூடாதுன்னாரு. யூரின் நெறைய போறவுகளுக்கு செவப்பா போனா உடனே தெரியும், இவுகளுக்குப் போறதே சொட்டு, அதனால லேட்டாத்தான் கண்டுபிடிக்கிறாங்களாம். ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கி நீர்க்கட்டியா கெடக்கு, டயாலிசிஸ் வருஷம் கூடக்கூட இது வரும், சிலருக்கு அதுலயே புத்துநோயும் வரும், வருஷா வருஷம் ஸ்கேன் பாருங்கன்னாரு. இத எட்டு வருஷத்துல ஒருத்தர் எங்ககிட்ட சொல்லல!

பெறகு ஜெல்லி மட்டும் விட்டு ஸ்கோப், அதாவது மூத்திரம் போற பாதை வழியா கேமரா குழாய விட்டுப் பாக்குறது. மூச்ச நல்லா இழுத்து விடுங்கன்னா, வாப்பா இழுத்துட்டு விடவே இல்ல. சங்கு குளிச்ச ஆளு, பழக்கம். நர்ஸ் பயந்து "ஐயா ஐயா"ன்னு தட்டுது. மூத்திரப்பை சுவத்துல சின்னப் பூ மாதிரி ஒண்ணு இருந்துச்சு.

பீடி குடிச்சீங்களான்னு கேட்டாரு. முப்பது வருஷம்னு நான் சொன்னேன், "விட்டுட்டேன்"ன்னு வாப்பா சொன்னாக.

மே 19, திங்கள்

முந்தின டயாலிசிஸ் ஹெப்பாரின் இல்லாம. இன்னைக்கு அதே பாதை வழியா சொரண்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பிட்டாங்க. ஃபிஸ்டுலா கையில, டயாலிசிஸ் ஊசி போடுற கை, அதுல யாரும் பிபி பாத்துறக் கூடாதுன்னு வாசல்லயே நின்னேன்.

மே 27, செவ்வாய்

புத்துநோய்தான், ஆனா தசைக்குள்ள போகலயாம். மூணு மாசத்துல திரும்ப ஸ்கோப். டிரான்ஸ்பிளான்ட் பேச்ச இப்ப எடுக்க வேணாம்னுட்டாரு, கிட்னி தர்றேன்னு நின்ன ராத்தா போன்ல ஒண்ணுமே பேசல.

சாயந்திரம் உம்மா பழைய சங்குப் பொட்டிய ஒதுக்குறப்ப அடியில பீடிக்கட்டு. "அது அந்தக் காலத்துது"ன்றாக வாப்பா. கூட கெடந்த தீப்பெட்டி புதுசு.