ஊதா மூடியும் நீல மூடியும்

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் எடுக்கச் சொன்ன சோதனைகளில், ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சிபிசியும் ஒன்று. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 13.8, வெள்ளையணு 7,200, இரண்டும் சரி. ரத்தம் உறைய உதவும், பிளேட்லெட் என்று நாம் சொல்லும் தட்டணு மட்டும் 46,000. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. "எலும்பு மஜ்ஜை சோதனை வரை போக வேண்டியிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டு அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலை பறித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருவதில்லை, ஷேவ் செய்யும்போது வெட்டினால் சட்டென்று நின்றுவிடுகிறது.

மறுநாள் வேறொரு லேபில் கொடுத்தோம். வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள். இந்த முறை 31,000. ஒரே நாளில் இவ்வளவு இறங்குமா என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் ரத்தவியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அப்பாவின் கால்களை வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், மண்ணீரல் வீக்கமும் இல்லை. பிறகு நிதானமாக விளக்கினார்.

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே மஜ்ஜையில் ஒரே தாய் அணுவிலிருந்து பிரிந்து வருபவை. மஜ்ஜையே பழுதானால் பெரும்பாலும் மூன்றுமே அடிவாங்கும். தட்டணு முழு அணுகூட இல்லையாம். மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய அணு தன் உடம்பிலிருந்து ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும் சின்னத் துணுக்கு. சிவப்பணு 120 நாள் இருக்கும், தட்டணுவுக்கு ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆயுள்.

"எண்ணுனது மெஷின். கண்ணால யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஸ்மியர் என்று பெயர். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஸ்மியர் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

அங்கேயே மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இந்த முறை இரண்டு குழாயில். வழக்கமான ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து இருக்கும். நீல மூடியில் சிட்ரேட். ஊதாக் குழாய் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் சிவப்பணுக்கள் பரவிக் கிடந்தன. தேய்ப்பு முடிகிற ஓரத்தில், சிந்திய கடுகு சுவரோரம் ஒதுங்கின மாதிரி ஊதா நிறத் துணுக்குகள் கும்பல் கும்பலாக ஒட்டிக் கிடந்தன. அத்தனையும் அப்பாவின் தட்டணுக்கள்!

சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம், இடிடிஏ பட்டதும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுமாம். மெஷின் அளவைப் பார்த்து எண்ணுவதால் அந்தக் கும்பலைத் தட்டணு என்றே எடுத்துக்கொள்ளாது. குழாயில் நேரம் ஆக ஆக இன்னும் ஒட்டும். வீட்டில் எடுத்த ரத்தம் லேப் போய்ச் சேர்ந்து மெஷினில் ஏற எத்தனை மணி நேரம் ஆனதோ, 31,000 வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார். உடம்புக்குள் இப்படி ஒட்டுவதில்லை, ரத்தக் கசிவு ஆபத்தும் இல்லை.

நீலக் குழாயில் 1,92,000 வந்தது. அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் சேர்வதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 2,11,000. அம்மா அந்த எண்ணை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இந்தக் கோளாறு அபூர்வம்தான். நிஜமாகவே தட்டணு குறைகிறவர்கள் உண்டு, டெங்குவில் அதை அலட்சியம் செய்யவே கூடாது. ஆனாலும் உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் இது ஒன்று மட்டும் குறைந்திருந்தால், ஸ்மியர் பார்த்தார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். எங்களுக்கு அதை ஒருவர் முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "இடிடிஏவில் தட்டணு ஒட்டும், சிட்ரேட் குழாயில் எடுக்கவும்" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேட் செய்து அப்பா பர்ஸில் வைத்திருக்கிறார். போன வாரம் சர்க்கரை சோதனைக்குப் போன இடத்தில், கேட்காமலேயே எடுத்து நீட்டினார்.