மன்னார்குடி நாட்குறிப்பு: கேட்கிற வேலை

ஜூன் 12, 2025

மேட்டூர் அணை இன்று திறந்தாயிற்று. அப்பா காலையிலேயே போன் செய்துவிட்டார். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடை. தண்ணீர் வந்து சேரும்வரை அவருக்கு இதே பேச்சாகத்தான் இருக்கும்.

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நீங்க எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணு?" என்றுதான். மனசைத் திறக்கப் போகிற இடத்தில் ஆள் யாரென்று தெரிய வேண்டாமா? அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு இருந்தது தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அதைச் சாய்த்துவிட்டுப் போனது. நான் அப்போது உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். துக்கம் விசாரிக்க வருவதுபோல் ஆட்கள் வந்தார்கள். "உசுரு தப்புச்சே, அதைப் பாருங்க" என்றார்கள். "கன்னு வச்சா வந்துடும்" என்றார்கள். தென்னங்கன்று காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும் என்பது அப்பாவுக்குத் தெரியாதா? அவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

சித்தப்பா மட்டும் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். ஒரு நாள், "கிணத்து மேட்டு மரம் எந்த வருஷம் வச்சதுண்ணே?" என்று கேட்டார். "இவ பொறந்த வருஷம்" என்று என்னைக் காட்டினார் அப்பா. அப்புறம் அடுத்த மரம், அதற்கடுத்த மரம். எந்த மரத்தில் இளநீர் இனிப்பு, எதை அம்மா குடம் குடமாக ஊற்றி வளர்த்தாள் என்று சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் உடைந்து அழுதார். சித்தப்பா தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. அழுது முடித்த பிறகு, "மேலண்டை வரிசை என்னாச்சு?" என்றார்.

தேற்றாமல் கூட இருந்து கேட்கிற இந்த வழியை நான் பிடித்துக்கொண்டது அந்தத் திண்ணையில்தான்.

ஜூன் 19

இப்படிக் கேட்கிற ஆலோசனை முறைக்கு நபர் மையச் சிகிச்சை என்று பெயர். உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). 12 வயதிலிருந்து பண்ணையில் வளர்ந்தவர்; கல்லூரியில் முதலில் சேர்ந்ததும் விவசாயப் படிப்பில்தான். அவர் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்குப் போட்டுவைத்த உருளைக்கிழங்கு அந்த இருட்டிலும் வெளிறிய முளை விட்டு, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி நீளுமாம். மனிதரும் அப்படித்தான், உள்ளே வளரும் வேகம் இருக்கிறது, சூழல்தான் வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. விவசாயி மகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சூழல் என்றால்? 1957-இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னவற்றில் மூன்று, கேட்கிறவர் பொறுப்பு. வந்தவரின் உலகத்தை அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது. 'நீ இப்படி இருந்தால்தான்' என்ற நிபந்தனை இல்லாமல் மதிப்பது. வேஷம் போடாமல் இருப்பது.

மூன்றாவதுதான் கஷ்டம். மகனோடு பேச்சு அறுந்துபோன ஓர் அம்மா வந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, "நான் செஞ்சது தப்பாம்மா, நீயே சொல்லு" என்றார். தப்பில்லை என்று ஆறுதல் சொல்லலாம், எளிது. எனக்கோ தொண்டை அடைத்தது. அதையே சொன்னேன்: "தீர்ப்பு சொல்ல என்னால முடியாதும்மா. ஆனா நீங்க சொல்லச் சொல்ல எனக்கே தொண்டையை அடைக்குது." விரல் நின்றது. "நான் அவனை அடிச்சிருக்கக் கூடாது" என்றார். நான் கேட்காத விஷயம் அது.

ஜூன் 27

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. என்னிடம் வருகிறவர்கள் பலர் கையில் ஒரு பைல் வைத்துக்கொண்டு வருகிறார்கள், யாராவது பார்த்தால் ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ள. சின்ன ஊரில் ரகசியம்தான் முதல் மருந்து. இன்று ஒருவருடைய மாமியார் வந்து, "மாப்ள என்ன சொன்னாரு?" என்று கேட்டார். காபி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வாய் திறப்பேன்; அதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஜூலை 5

அடிக்கடி கேட்கிறவற்றுக்குச் சுருக்கமாக. நான் மாத்திரை தருவதில்லை, அது மனநல மருத்துவர் வேலை. தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் அவரிடம்தான் முதலில் அனுப்புவேன். பேச்சை அதோடு சேர்த்துத் தொடரலாம். எத்தனை முறை வர வேண்டும் என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். ஒரு மணி நேரமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, அதுவும் உங்கள் நேரம்தான். செத்துவிடலாம் என்று தோன்றினால் என் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண். இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.