கோப்பில் ஒரு கேள்விக்குறி

சித்திரை 6
அக்காவுக்கு மூளையிலும் முள்ளந்தண்டிலும் நரம்பின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய். ஆஸ்பத்திரிக் கோப்பில் 'விட்டுவிட்டு வரும் வகை' என்று இருந்ததை வெட்டிவிட்டு, 'படிப்படியாகக் கூடும் இரண்டாம் நிலையா?' என்று எழுதினார்கள். அக்கா அதைப் பார்க்கவில்லை.

சித்திரை 7
நித்திரை இல்லை. 1996 இல் லப்ளின், ரைன்கோல்ட் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த நோயின் நான்கு வகைகள், நோயாளியை வெளியிலிருந்து பார்த்த நிபுணர்களின் கருத்தைத் திரட்டி அமைத்தவை. மூளைக்குள் நடப்பதை அளந்து வகுத்தவை அல்ல. 2013 இல் மீளாய்வு செய்தபோது அவற்றுள் ஒன்றை நீக்கி, எந்த வகையாயினும் அழற்சி இப்போது செயற்படுகிறதா, இயலாமை கூடுகிறதா என்ற இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தனித்தனியே பார்க்கவேண்டும் என்றார்கள். அக்காவின் கோப்பில் அந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

சித்திரை 10
கடும் வெயில். மத்தியானம் அக்காவின் இடது கால் இழுபட்டது. குளித்துவிட்டு விறாந்தையில் இருந்ததும் சரியாயிற்று. உடற்சூடு ஏறும்போது மயலின் என்ற காப்பு உறை சிதைந்த நரம்பு செய்தியைக் கடத்தத் திணறுகிறது. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல் 24 மணித்தியாலமாவது நீடித்தால்தான் அது புதிய தாக்கம்.

சித்திரை 11
இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருக்கிறது.

சித்திரை 15
அறைக்குள் கிடந்த அக்காவின் பழைய செருப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். புதிய தாக்கம் ஒன்றுமே வராத, 'நன்றாக இருக்கிறா' என்று எல்லோரும் சொன்ன காலத்துச் செருப்பிலும் இடது நுனி தேய்ந்துதான் இருக்கிறது. இந்த நோய்க்கான ஒக்ரெலிசுமாப் என்ற மருந்தின் பரிசோதனைகளின் தரவை ஆராய்ந்து 2020 இல் வெளிவந்த கட்டுரையும், விட்டுவிட்டு வரும் வகையினரிடம் சேர்ந்த இயலாமையில் பெரும்பகுதி புதிய தாக்கம் எதுவும் இல்லாமலே சேர்ந்தது என்கிறது. அப்படியானால், அக்கா சென்ற மாதம் ஒரு வகையிலும் இந்த மாதம் இன்னொரு வகையிலும் இருக்கிறா என்பதை நான் எப்படி ஏற்பது? தாக்கமும் மெல்லிய தேய்வும் தொடக்கம் முதலே ஒன்றாக ஓடுகின்றன. எது மேலெழுந்து தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்று அண்ணா சொல்கிறார். இல்லை. மருந்துகளுக்கு அனுமதி கொடுப்பது வகையின் பெயரால்தான். 2019 இல் அமெரிக்காவில் சிப்போனிமோட் என்ற மருந்து அனுமதி பெற்றபோது, இரண்டாம் நிலையில் இருப்போருள் அழற்சி செயற்படுவோருக்கு மட்டுமே அது கிடைத்தது. அழற்சி உண்டா இல்லையா என்று எழுதாமல் வகையை மட்டும் மாற்றினால், அக்காவுக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று யார் சொல்வது?

சித்திரை 16
அக்கா கோப்பைக் கேட்டா. கொடுத்தேன்.

சித்திரை 19
எம்.ஆர்.ஐ. வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது. பழைய படங்களையும் கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கவேண்டும்.