பழைய கொரியக் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவந்த அனுபவம்

சியோலில் ஒரு சிறிய அலுவலகத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பழைய வாடிக்கையாளர் பட்டியலையும் ஆவணங்களையும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) இயங்கும் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பட்டியலைத் திறந்தால் கொரிய எழுத்து ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேல் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நின்றன. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் முறைகளான திஸ்கி, பாமினி காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். கோப்பு கெடவில்லை, வேறு குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை) வாசிக்கப்படுகிறது, அவ்வளவே. இந்த நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்தை மீட்க வழியில்லை.

இயூசி-கேஆர் (EUC-KR) என்ற பழைய கொரியக் குறியாக்கம் என்று சொல்லி பைத்தான் நிரலில் வாசித்தேன். பெரும்பாலான வரிகள் வந்தன, சில பெயர்களில் பிழை காட்டி நின்றது. காரணம் அந்தக் குறியாக்கத்துக்கு அடிப்படையான 1987இன் கொரியத் தரம். கொரியத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் அசை ஒரே எழுத்தாக எழுதப்படும். தொடக்க மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27 (அது இல்லாமலும் இருக்கலாம் என்பதால் 28) என்று பெருக்கினால் 11,172 அசைகள் வரும். அந்தத் தரத்தில் இடம்பெற்றவை 2,350 மட்டுமே. செய்தித்தாளுக்கு அது போதும், மனிதர்களின் பெயர்களுக்குப் போதவில்லை. அதை விரித்த மைக்ரோசாஃப்டின் சிபி949 (CP949) குறியாக்கத்தில் மீதி 8,822 அசைகளும் உண்டு. அப்படி வாசித்ததும் எல்லாப் பெயர்களும் வந்துவிட்டன. இணைய உலாவிகள் இயூசி-கேஆர் என்று சொன்னாலும் சிபி949ஆகவே வாசிக்கும். எனவே உலாவியில் சரியாகத் தெரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

டேட்டாபேஸில் ஒவ்வொரு பத்தியும் (நெடுவரிசை) எத்தனை பைட் கொள்ளும் என்பதையும் பாருங்கள். பழைய முறையில் ஓர் அசைக்கு 2 பைட், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3. 20 பைட் பத்தியில் 10 அசைகள் இருந்த பெயருக்கு இப்போது 30 வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. மேக் கணினியிலிருந்து வந்த ஆவணங்களின் பெயர்கள் விண்டோஸில் துண்டு துண்டாகச் சிதறித் தெரிந்தன. என் மேக்கில் அதே பெயர்கள் சரியாகவே தெரிந்தன, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. ‘ஹங்குல்’ (கொரிய எழுத்துமுறையின் பெயர், இரண்டு அசைகள்) என்ற பெயரின் நீளத்தை எண்ணிப் பார்த்தேன்: 2 வர வேண்டிய இடத்தில் 6. யூனிகோடில் ஓர் அசையை முழுதாக ஒரே எண்ணாகவும் வைக்கலாம், மெய்-உயிர்-மெய் என்று பிரித்தும் வைக்கலாம். மேக்கின் பழைய கோப்பு முறை பிரித்தே வைக்கும். துண்டுகளைச் சேர்த்துக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அது செய்யாவிட்டால் சிதறல்தான். நம் ‘கொ’வின் துணைக்குறியையும் ஒரே குறியாகவோ இரண்டாகவோ வைக்க முடியும், அதே வம்பு.

தீர்வு என்எஃப்சி (NFC), அதாவது பிரிந்த துண்டுகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடு முறை. கொரியத்துக்கு இதற்கு அட்டவணைகூட வேண்டாம், கணக்கே போதும்: தொடக்க மெய்யின் எண்ணை 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டி, அதை 28ஆல் பெருக்கிக் கடைசி மெய்யின் எண்ணைக் கூட்டி, 44032ஐச் சேர்த்தால் அசையின் எண் கிடைக்கும். எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும்; கடைசி மெய்யில் மட்டும் பூஜ்யம் என்றால் மெய் இல்லை என்று பொருள். இவ்வளவு ஒழுங்கு சும்மா வரவில்லை. 1996இல் யூனிகோடு 2.0 கொரிய அசைகளை முழுதாக வேறு இடத்துக்கு மாற்றியதால், அதற்கு முன் எழுதியவை செல்லாமல் போயின. ஆனாலும் அன்று செய்தது சரிதான் என்பேன்.

ஆவணங்களின் பெயர், உள்ளடக்கம், தேடுபவர் தட்டும் சொல், மூன்றையும் என்எஃப்சிக்கு மாற்றிய பிறகு தேடல் சரியானது. வழக்கொழிந்த உயிரெழுத்து வரும் சில பழங்கொரிய மேற்கோள்கள் மட்டும் சேரவில்லை. அவை அந்த 11,172இல் இல்லை, பிரிந்தேதான் இருக்கும். அவற்றுக்கு கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் கொரிய எழுத்துருவைப் போட்டேன், ஒழுங்காகத் தெரிகின்றன.